அமெரிக்க உயர்நிலைப் பள்ளி கோல்ஃப் அணி: ஆடுவோரும் பயிற்சி தருவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி அணியில் எத்தனை பேர் இருப்பார்கள்? எப்படி ஆடுவார்கள்?

பெரும்பாலான பள்ளிகளில் வர்சிட்டி (முதன்மை அணி), ஜேவி (அடுத்த நிலை அணி) என்று இரண்டு அணிகள் உண்டு. போட்டியில் ஒரு பள்ளிக்காக 5 அல்லது 6 பேர் ஆடுவார்கள். எத்தனை அடியில் முடித்தோம் என்பதே ஸ்கோர், குறைவாக இருப்பதே நல்லது. அவர்களில் குறைந்த ஸ்கோர் அடித்த 4 பேரின் எண்களைக் கூட்டினால் அதுவே அணியின் ஸ்கோர். வார நாட்களில் மாலையில் நடக்கும் இரு பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் 9 ஹோல் (தொடக்க இடத்திலிருந்து குழி வரை ஆடுவது ஒரு ஹோல்). சனிக்கிழமை பெரிய போட்டிகளும் மாவட்ட, மாநிலச் சுற்றுகளும் 18 ஹோல்.

விதிகள் யு.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) வெளியிடும் கோல்ஃப் விதிகளேதான். அவற்றின் மேல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் சில கட்டுப்பாடுகளைச் சேர்க்கும்: நடந்துதான் ஆட வேண்டும், கேடி (பை சுமக்கும் உதவியாளர்) கூடாது, கோச் எங்கே நிற்கலாம் என்பது போன்றவை. இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் சித்தப்பா பையனின் அனுபவத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

சீசன் எப்போது?

டெக்சஸில் வசந்த காலம். புளோரிடா, ஒஹாயோ, இல்லினாய்ஸ் மாநிலங்களில் இலையுதிர் காலம். கலிபோர்னியாவின் பெரும்பகுதியில் பெண்களுக்கு இலையுதிர் காலம், ஆண்களுக்கு வசந்தம். இலையுதிர் சீசன் என்றால் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு பெரும்பாலும் ஆகஸ்டு தொடக்கத்திலேயே நடந்துவிடும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் முன் பள்ளியின் தேதியைப் பார்த்துவிடுங்கள். தேர்வைத் தவறவிட்டால் பல பள்ளிகளில் அந்த ஆண்டு அவ்வளவுதான். மருத்துவரின் உடற்தகுதிப் படிவமும் தேர்வுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

அணியில் சேர எவ்வளவு ஸ்கோர் அடிக்க வேண்டும்?

பள்ளியைப் பொறுத்தது. டெக்சஸ், கலிபோர்னியா, புளோரிடாவின் வலுவான பள்ளிகளில் 18 ஹோலுக்கு 80-க்குக் கீழே அடிப்பவர்களே வர்சிட்டியில் இடம் பிடிக்கத் திணறுவார்கள். உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக உயர்ந்த ஸ்காட்டி ஷெஃப்லர் டாலஸின் ஹைலண்ட் பார்க் பள்ளிக்காக ஆடியவர். அந்த மாதிரிப் பள்ளிகளும் இருக்கின்றன. மறுபக்கம், சிறிய ஊர்ப் பள்ளிகளில் ஆள் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் கோச்சுகளும் உண்டு. 9 ஹோலுக்கு 50 அடிக்கும் பிள்ளைக்கு அங்கே உடனே இடம்.

தேர்வு பொதுவாக இரண்டு மூன்று நாள் நடக்கும், தினம் 9 அல்லது 18 ஹோல். கோச் மொத்த ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை. 44, 45, 46 அடித்தவனும் 39, 52, 44 அடித்தவனும் கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான், இரண்டும் 135. அனுபவமுள்ள கோச் முதலாமவனை எடுப்பார். காரணம் அடுத்த பதிலில்.

கோல்ஃப் தனியாள் ஆட்டம்தானே, இதில் அணி எங்கே வருகிறது?

நான்காவது ஸ்கோரில் வருகிறது. ஓர் உதாரணம். முதல் பள்ளியில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரன்: 38, 44, 47, 55. கூட்டினால் 184. எதிர்ப் பள்ளியில் நட்சத்திரம் யாரும் இல்லை: 42, 44, 46, 48. கூட்டினால் 180. தனிநபர் பதக்கம் 38 அடித்தவனுக்கு, வெற்றி எதிர்ப் பள்ளிக்கு. நட்சத்திரம் 38-ஐ 36 ஆக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். 55 அடித்தவன் 50-க்கு இறங்க மூன்று வாரம் சரியான பயிற்சி போதும். 5 ஸ்ட்ரோக் (அடி) குறைந்தால் 179. ஆட்டம் கைமாறிவிடுகிறது. ஒரு நாள் 39, மறுநாள் 52 அடிப்பவனைவிடத் தினமும் 45 பக்கம் அடிப்பவனைக் கோச் எடுப்பதும் இதனால்தான்: அந்த 52 நான்காவது ஸ்கோராக வந்தால் அணி அடி வாங்கும்.

அதனால்தான் பள்ளி கோல்ஃபில் நல்ல கோச் தன் நேரத்தில் பாதிக்கு மேல் நான்காம், ஐந்தாம், ஆறாம் இடத்துப் பிள்ளைகளோடு செலவிடுவார். ஆறாம் ஆள் என்றால் ஒப்புக்குச் சப்பாணி என்று நினைக்கக்கூடாது. முதலாமவனுக்கு ஒரு நாள் கை ஓடாமல் போனால் ஆறாமவனின் 49 எண்ணிக்கைக்குள் வந்துவிடும். சமன் ஆனால் பல லீகுகளில் ஐந்தாவது ஸ்கோரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

விதிப்படி பையில் அதிகபட்சம் 14 கிளப் (மட்டை). தொடக்கத்தில் 9 போதும்: டிரைவர் (தூரம் அடிக்க), ஒரு ஹைபிரிட், 6 முதல் 9 வரை அயர்ன்கள் (நடுத்தூரத்துக்கு), பிட்ச்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்க), பட்டர் (குழிக்குள் உருட்ட). பழைய செட் வாங்குவதில் தவறே இல்லை. பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் நடக்கும்போது தள்ளிச் செல்லும் வண்டியும் நல்ல ஷூவும்தான். 18 ஹோல் நடை 8 முதல் 10 கிலோமீட்டர் வரும். பையைத் தோளில் சுமக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை 14-வது ஹோலில் களைத்துப் போவது ஸ்கோர்கார்டிலேயே தெரியும்.

அப்பாவின் கிளப்பை நறுக்கிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். நீளம் குறைந்தாலும் தண்டு விறைப்பாகிவிடும், பிடி தடிமனாகவே இருக்கும். பந்து வலப்பக்கம் வழுக்கிப் போகும், பிள்ளை தன் ஸ்விங்கைக் குறை சொல்லிக்கொள்ளும். லேடீஸ் அல்லது சீனியர் என்று குறித்த மெல்லிய தண்டு, வளரும் பையன்களுக்கும் பொருந்தும்.

பையில் மறக்கக் கூடாதவை: ஒரே வகைப் பந்து ஒரு டஜன், பந்தில் அடையாளமிட நிரந்தர மை பேனா, இரண்டு பென்சில், துண்டு, மழைச் சட்டை, தண்ணீர், ஒரு வாழைப்பழம். தூரம் அளக்கும் லேசர் கருவி 2019 முதல் விதியிலேயே அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஏற்ற இறக்கம் கணக்கிடும் வசதியை அணைத்திருக்க வேண்டும்.

ஆடும் செலவைக் குறைக்க வழி உண்டா?

யூத் ஆன் கோர்ஸ் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 6 முதல் 18 வயது வரை, பங்கேற்கும் மைதானங்களில் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவான கட்டணத்தில் ஆடலாம். கோடையில் அதிகம் ஆடும் பிள்ளைக்கு உறுப்பினர் கட்டணம் சில நாட்களிலேயே வசூலாகிவிடும். நேரக் கட்டுப்பாடுகளை மைதானத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு கோச். பயிற்சியை எப்படி நடத்துவது?

எல்லோரையும் ரேஞ்சில் (அடித்துப் பழகும் திடலில்) நிறுத்தி ஆளுக்கு ஒரு வாளி பந்து கொடுப்பதுதான் பொதுவான சொதப்பல். பத்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் டிரைவர், யார் தூரம் அடிப்பது என்ற போட்டி. 9 ஹோலில் டிரைவர் எடுப்பது அதிகம் போனால் ஏழு தடவை. பட்டர் எடுப்பதோ பதினெட்டு, இருபது தடவை.

மூன்று குழுவாக, குழுவுக்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 25 நிமிடம், பிறகு மாற்றம். மீதி நேரத்தில் எல்லோரும் மைதானத்தில் இரண்டு மூன்று ஹோல் ஆடட்டும்.

பட்டிங் (குழிக்குள் உருட்டும்) இடம்: குழியைச் சுற்றி மூன்றடி தூரத்தில் நான்கு டீ (பந்தை வைக்கும் சிறு குச்சி) குத்துங்கள். நான்கு பக்கமும் சுற்றிவந்து தொடர்ச்சியாக 12 பந்து உள்ளே போக வேண்டும், தவறினால் ஒன்றிலிருந்து. அது முடிந்தவர் 20, 30, 40 அடியிலிருந்து உருட்டட்டும். குழிக்குப் பின்னால் மூன்றடியில் ஒரு கிளப்பைக் கிடத்தி, பந்து குழியைத் தாண்டிப் போய் கிளப்பைத் தொடாமல் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று பட் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் திசை இல்லை, முதல் பட்டின் வேகம்.

சிப்பிங் (கிட்டத்திலிருந்து மெல்லத் தட்டும்) இடம்: கிரீனை, அதாவது குழி இருக்கும் குட்டைப் புல் பரப்பைச் சுற்றி ஒன்பது இடம், ஒவ்வொன்றும் பார் 2. எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குத்தான் பார். ஒரே பந்து. சிப் செய்து, அதே பந்தை பட் போட்டு முடிக்க வேண்டும். பார் 18. புதிதாக வருபவர்கள் 27 அடித்தால் ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் முடிக்கிறார்கள் என்று பொருள், அதுவே நல்ல தொடக்கம். வர்சிட்டிக்காரர்கள் 22, 23-ஐ நோக்கிப் போகலாம். இங்கே எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று பின்காலில் சாய்வது. கிளப்பின் அடிவிளிம்பு பந்தின் நடுவில் இடித்து, பந்து கிரீனைக் கடந்து மறுபக்கம் ஓடிவிடும். எடை முன்காலில், கைகள் பந்துக்குச் சற்று முன்னால், அடித்த பிறகும் கிளப் தலை முழங்காலுக்குக் கீழேயே. 60 டிகிரி வெட்ஜைப் பையிலிருந்தே எடுத்துவிட்டு 9 அயர்னால் உருட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரேஞ்ச் இடம்: ஆளுக்கு 30 பந்து. 10 வெட்ஜ், 10 நடு அயர்ன், 10 டீயிலிருந்து (ஹோலின் தொடக்க இடத்துக்கும் டீ என்றே பெயர்). ஒவ்வொரு பந்துக்கும் இலக்கு மாற வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். 30 பந்துக்கு 25 நிமிடம் என்பது சரியாக இருக்கும். சீக்கிரம் முடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார்.

50-க்கு மேல் அடிக்கும் பிள்ளைக்கு முதலில் எதைச் சொல்லித் தருவது?

ஒவ்வொரு ஹோலுக்கும் பாரோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். 380 கஜம் பார் 4 என்றால் அவனுக்கு அது பார் 5. டீயிலிருந்து 200, அடுத்தது 120, அடுத்தது 60. கிரீனில் இரண்டு பட். ஐந்தில் முடிந்தது. ஒன்பது ஹோலும் இப்படியே போனால் பார் 36 மைதானத்தில் 45, பல அணிகளில் அது எண்ணிக்கைக்குள் வரும் ஸ்கோர்.

நடைமுறையில் நடப்பது வேறு. 200 அடித்தபின் மீதி 180. பையன் ஃபேர்வே வுட்டை (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) உருவுகிறான். பத்தில் இரண்டு தடவை கிரீன் பக்கம் போகும். மற்ற எட்டில் கிளப் பந்தின் தலையில் பட்டுப் பந்து உருளும், தண்ணீரில் விழும், மரத்துக்குள் போகும். மரத்துக்குள் போனபின் இலைகளுக்கு நடுவே இடைவெளி தேடுகிறான். அங்கேதான் 5 ஆக வேண்டியது 9 ஆகிறது. மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிவிட்ட புல்வெளி) தட்டிவிடுவதை ஒரு தனி ஷாட்டாகவே பயிற்சியில் ஆட வையுங்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: "தூக்கி அடிடா" என்று சொல்லாதீர்கள். கோல்ஃபில் பந்தை மேலே கொண்டுபோவது கிளப்பின் சாய்வு. தூக்க முயன்றால் தரையில்தான் ஓடும்.

போட்டிக்கு முன் எப்படித் தயாராவது?

கடைசி வகுப்பிலிருந்து சீக்கிரம் விடுவார்கள், பேருந்தோ வேனோ, வந்து சேரும்போது முக்கால் மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம். முதலில் பட்டிங் கிரீன்: 30 அடி தூரத்தில் பத்து பட், குழியைப் பற்றிய கவலை இல்லாமல் வேகத்துக்காக மட்டும். பிறகு ஐந்தாறு சிப். ரேஞ்ச் கிடைத்தால் 15 பந்து, வெட்ஜில் தொடங்கி முதல் டீயில் எடுக்கப்போகும் கிளப்பில் முடிக்க வேண்டும். ரேஞ்ச் இல்லையென்றால் புல்லை உரசும் ஸ்விங் இருபது.

ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும்) போட்டி நாளில், சுற்று தொடங்கும் முன் மைதானத்தின் கிரீனில் போய்ப் பழகக்கூடாது. பயிற்சி கிரீனும் முதல் டீயின் பக்கமும்தான் அனுமதி. ஆர்வக்கோளாறில் ஒன்பதாம் கிரீனில் உருட்டிப் பார்த்த பிள்ளை, உள்ளூர் விதி வேறு மாதிரி இல்லையென்றால், முதல் ஹோலிலேயே இரண்டு தண்டனை ஸ்ட்ரோக்கோடு தொடங்கும்.

ஸ்கோர்கார்டில் என்ன அப்படிப் பெரிய சிக்கல்?

பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் அழுவது மோசமான ஷாட்டுக்காகக் குறைவு, கார்டுக்காக அதிகம். நீங்கள் உங்கள் ஸ்கோரை எழுதுவதில்லை. உங்களோடு ஆடும் எதிர்ப் பள்ளிப் பிள்ளை எழுதுவார், நீங்கள் அவருடையதை. முடிவில் சரிபார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஒரு ஹோலில் 6 அடித்து 5 என்று எழுதிய கார்டைக் கொடுத்துவிட்டால் தகுதி நீக்கம். 5 அடித்து 6 என்று எழுதிக் கொடுத்தால் 6 அப்படியே நிற்கும். கூட்டல் பிழைக்கு மட்டும் தண்டனை இல்லை. கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. ஒருவர் நீக்கப்பட்டு அணியில் நால்வருக்குக் குறைவாகிவிட்டால், அணிக்கே ஸ்கோர் இல்லாமல் போய்விடும்.

தடுக்கும் வழி எளிது. ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் அடுத்த டீக்கு நடக்கும்போது "எனக்கு 6, உனக்கு 5" என்று வாய்விட்டுச் சொல்லி உடனே எழுதுங்கள். மூன்று ஹோல் சேர்த்து எழுதுபவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். தண்டனை ஸ்ட்ரோக் சேர்ந்ததா என்று தனியாகக் கேளுங்கள். முடிவில் மேசையில் உட்கார்ந்து ஹோல் ஹோலாக ஒருவர் படிக்க மற்றவர் பார்க்க வேண்டும். பசியோடு ஸ்நாக்ஸ் பக்கம் ஓடக்கூடாது.

பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் விதிகள் எவை?

பந்தைத் தேட 3 நிமிடம்தான். 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் ஐந்து என்றே சொல்லித் தருகிறார்கள்.

பந்து தொலைந்திருக்கலாம் அல்லது எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பத்துக்கு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், அங்கேயே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று சொல்லி இன்னொரு பந்தை அடிக்க வேண்டும். "இன்னொண்ணு அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படிச் சொல்லி அடித்தால் இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து நடு ஃபேர்வேயில் கிடந்தாலும் பயனில்லை.

தவறான பந்தை அடித்தால் இரண்டு ஸ்ட்ரோக். அடுத்த டீயில் அடிக்கும் முன் திரும்பிப் போய்ச் சரிசெய்யாவிட்டால் தகுதி நீக்கம். நால்வரில் இருவர் ஒரே கம்பெனிப் பந்து, ஒரே எண் வைத்திருப்பது சாதாரணம். பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, முதல் டீயில் மற்றவர்களிடம் காட்டிவிடுங்கள்.

விதி தெரியவில்லையென்றால் சண்டை வேண்டாம். அடிக்கும் முன் "இரண்டு பந்து ஆடுகிறேன், இந்தப் பந்து எண்ணப்பட வேண்டும்" என்று அறிவித்து இரண்டையும் ஆடி முடிக்கலாம். கார்டைக் கொடுக்கும் முன் நடந்ததைக் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும், இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும்.

சுற்றின்போது கோச் பேசலாமா?

சாதாரண விதியில் கேடி மட்டுமே ஆலோசனை சொல்லலாம். அணிப் போட்டிகளில் கோச்சுக்கு அனுமதி தரப் போட்டிக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. எங்கே, எப்போது என்பதை மாநில விதி சொல்லும்.

அனுமதி இருந்தாலும் குறைவாகப் பேசுவது நல்லது. ஸ்விங்கைத் திருத்தும் நேரம் அது இல்லை. "எந்தக் கிளப்? எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை?" என்ற இரண்டு கேள்விகள் போதும். நிற்க நல்ல இடம் ஒரு பார் 3 ஹோலின் டீ. எல்லாப் பிள்ளைகளும் அந்த வழியாக வந்தாக வேண்டும், கிளப் தேர்வில் தவறும் இடமும் அதுவே: கொடியின் தூரத்தை மட்டும் பார்த்து, காற்றை மறந்து, ஒரு கிளப் குறைவாக எடுப்பார்கள்.

பெற்றோர்?

பார்க்கலாம். வண்டிப் பாதையை விட்டு இறங்காமல், பேசாமல். தண்ணீர் கொடுக்க வேண்டுமென்றால்கூட முதலில் கோச்சிடம் கேளுங்கள். தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று "ஏழு எடு, காத்து எதிர்ல வருது" என்று சொல்வதும் ஆலோசனைதான். கேட்ட பிள்ளைக்கும் தண்டனை வரலாம்.

ஆட்டம் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று திட்டு வாங்குகிறார்கள். என்ன செய்வது?

முறை வந்தபின் 40 வினாடிக்குள் அடிக்க விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது. மற்றவர் அடிக்கும்போதே தூரம் பார்த்து, கிளப் எடுத்து, கையுறை மாட்டியிருக்க வேண்டும். கிரீனுக்கு வந்ததும் பையை அடுத்த டீ இருக்கும் பக்கம் நிறுத்துங்கள். ஜேவி போட்டிகளில் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு வைப்பதும் உண்டு, பாரின் இரு மடங்கு போல. வரம்பைத் தொட்டதும் பந்தை எடுத்துவிட்டு நகரலாம்.

பழைய ஆட்டக்காரர் உதவிக் கோச்சாக வர முடியுமா?

முடியும், பள்ளிகள் விரும்பியே எடுக்கும். பின்னணிச் சோதனை, தலைக்காய அறிகுறிகள், முதலுதவி பற்றிய வகுப்புகள் போன்றவற்றைப் பெரும்பாலும் முடிக்க வேண்டியிருக்கும். நன்றாக ஆடுபவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்று இல்லை. அவர்களுக்குப் பொருத்தமான வேலை, ஐந்தாம் ஆறாம் ஆட்களோடு 9 ஹோல் கூடவே ஆடுவது. தகராறு வந்தால் விதி சொல்ல, மரத்துக்குள்ளிருந்து பக்கவாட்டில் தட்டிக் காட்ட ஓர் ஆள் இருப்பது பெரிய உதவி.

அணியின் நினைவுகளை எப்படிப் பாதுகாப்பது?

பழைய அணியினர் கூடினால் பேசுவது பதக்கம் பற்றி இல்லை. வேனில் யார் தூங்கினார்கள், இடி வந்து சைரன் ஊதியபோது எந்தக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள், யாருடைய 49 அன்று ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது என்பவைதான். அதனால் ஆறு பேரின் கார்டையும் வையுங்கள், ஜெயித்தவனுடையதை மட்டும் இல்லை. பென்சில் எழுத்து மங்கிவிடும். போட்டி முடிந்த அன்றே படம் எடுத்து, தேதி, மைதானம், எந்த டீ, பார் எவ்வளவு, காற்றா மழையா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பள்ளிச் சாதனைப் பட்டியல் வைத்தால் 9 ஹோலும் 18 ஹோலும் தனித்தனி. பார் 35 மைதானத்தில் அடித்த 36-ம் பார் 36-ல் அடித்த 36-ம் ஒன்றில்லை. பாருக்கு எத்தனை மேலே, கீழே என்பதையும் பக்கத்தில் குறித்தால் பத்து வருடம் கழித்துச் சண்டை வராது.

பழைய மாணவர்களுக்கும் இப்போதைய அணிக்கும் ஆட்டம் வைக்க என்ன முறை நல்லது?

எதிரெதிராக நிறுத்தாமல் கலந்து ஆட வையுங்கள். நால்வர் குழுவில் இரண்டு பழையவர், இரண்டு மாணவர். ஸ்கிராம்பிள் முறை: நால்வரும் அடித்து, நல்ல பந்து எதுவோ அங்கிருந்து மீண்டும் நால்வரும். இருபது வருடமாகக் கிளப் தொடாதவரும் வெட்கமில்லாமல் ஆடலாம். ஒவ்வொருவர் டீ ஷாட்டையும் 9 ஹோலில் குறைந்தது இரண்டு தடவை பயன்படுத்தியாக வேண்டும் என்று விதி வையுங்கள், இல்லையென்றால் வர்சிட்டிப் பையன் ஒருவனே எல்லாவற்றையும் ஆடிவிடுவான். பழைய கோச்சுக்கு ஒரு வண்டி, எந்தக் குழுவோடும் சேர்க்காமல். சீசன் நடக்கும்போது மாணவர்கள் வெளிப்போட்டியில் ஆட மாநில விதியில் தடை இருக்கலாம் என்பதால், தேதியைச் சீசன் முடிந்தபின் வைத்து, பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.